இஸ்திரி போட்ட வேலி

ஒரு மலையடிவாரத்தில் ஒரு சேலை இருந்தது. சேலை என்றால் பெட்டியில் இருக்கும், கொடியில் இருக்கும், மலையடிவாரத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை எந்தக் காலத்தில் சேலையா முடிவு செய்தது? கட்டுகிறவள் போகிற இடத்துக்கு அதுவும் போயாக வேண்டும். இந்தச் சேலையைக் கட்டியவள் நாகஜோதி. அவள் டவுனை விட்டுவிட்டு வெள்ளாமை செய்ய வந்துவிட்டாள். சேலையும் வந்துவிட்டது.

அது ஒரு சுங்குடிச் சேலை. வாங்கும்போது கத்திரிப்பூ நிறம். வெயிலில் வெளுத்து வெளுத்து, இப்போது என்ன நிறம் என்று கேட்டால் அதற்கே பதில் தெரியாது. பயந்த சுபாவம். பல்லி கத்தினால்கூட மடிப்புக்குள் மடிப்பாகச் சுருண்டுகொள்ளும்.

பயம் அதற்கு நெசவிலேயே வந்ததல்ல. கட்டியவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

நாகஜோதியும் அவள் புருஷன் வீரணனும் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார்கள். அவள் துவைத்துக் கஞ்சி போடுவாள், அவன் தேய்ப்பான். அவள் அப்பா இறந்த பிறகு, மலையடிவாரத்தில் கரம்பாகக் கிடந்த நிலம் அவள் பங்குக்கு வந்தது. "அடுத்தவன் துணியில சுருக்கம் எடுத்தது போதும் ஜோதி. நம்ம மண்ணுல நாலு செடி வைப்போம்" என்றான் வீரணன். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட்டுவிட்டுத்தான் அவள் மூட்டை கட்டினாள். பள்ளிக்கூடம் போகிற மகளையும் கையோடு கூட்டிக்கொண்டாள்.

ஆனால் அவளுடைய அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். "இஸ்திரி போட்ட கையி, மம்பட்டி பிடிக்குமா? ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டு. எடுத்துட்டா நிலம் உனக்கு. இல்லேன்னா நான் மாங்கன்னு வச்சுக்கிறேன், நீ உன் வண்டிக்குப் போயிரு" என்றார். ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் பேசிய பேச்சு அது. நாகஜோதி சரி என்று தலையாட்டினாள். தலையாட்டும்போது அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. சுங்குடிக்குள் பயம் நுழைந்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு பயம் தினமும் நுழைந்தது. விதைத்த கடலைக்கு மழை வரவில்லை. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே முந்தானையை முறுக்கினாள். முளைக்காத விதையை மயில் கூட்டம் கொத்திப் போட்ட காலையில் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். மறுபடி விதைத்து, செடி தலை நீட்டிய நேரம் பார்த்துக் கிணற்று மோட்டாரின் காயில் கம்பி எரிந்து புகைந்தது. அன்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆனால் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவாள். அழுக்கைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, பழகிய தொழில் அப்படி. வேர்வை போகும், மண் போகும். பயம் மட்டும் நூலுக்குள் ஒரு ஓரமாகத் தங்கிவிடும்.

புங்கமரத்தடியில் அந்த இஸ்திரி வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் மேல் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கனத்த பெட்டி, கனத்த குரல்.

"என்ன சுங்குடி, இன்னைக்கு என்ன போச்சு?" என்று தினமும் சாயங்காலம் கேட்கும்.

"மோட்டாரு போச்சு."

"நான் அப்பவே சொன்னேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. கரியப் போட்டா சூடாயிருவேன். இவுங்க எப்பத் திரும்பினாலும் நான் தயாரு."

அது வெடுக்கென்று பேசாது. பொறுமையாகத்தான் பேசும். அந்தப் பொறுமையைக் கேட்டதும் சுங்குடி கொடியில் இன்னும் சுருண்டுகொள்ளும்.

எப்படியோ மோட்டாரைச் சரிசெய்தார்கள். மழையும் மனசு வைத்தது. கடலைச் செடி பூத்தது, விழுது மண்ணுக்குள் இறங்கியது. நாகஜோதி மண்ணை அணைத்துவிட்டுக்கொண்டே ஒரு செடியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் பிஞ்சு. பார்த்த மாத்திரத்தில் மண்ணைப் போட்டு மூடிவிட்டாள், யாருடைய கண்ணோ பட்டுவிடும் என்பதுபோல.

கண் பட்டதோ இல்லையோ, மூக்குப் பட்டுவிட்டது. ஒரு காலையில் மலையோரத்து மூலை முழுக்க உழுது போட்டதுபோல் கிடந்தது. செடிகள் வேரோடு மல்லாந்து கிடந்தன. ஒன்றிலும் பிஞ்சு இல்லை.

"காட்டுப்பன்னிங்க" என்றாள் நாகஜோதி.

வீரணன் புரட்டிப்போட்ட மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நாம தேடித் தேடி மண்ணு அணைச்சோம். அது மூக்காலயே பறிச்சுட்டுப் போயிருச்சு பாரு. இந்தக் கடலையும் போச்சுன்னா வண்டியத் தூசி தட்ட வேண்டியதுதான் புள்ள."

"அப்படிச் சொல்லாதீங்க."

"சொல்லாட்டி மட்டும் போகாமலா இருக்கும்?"

பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் பழைய சேலைகளைக் குச்சி நட்டுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பன்றிக்கும் மயிலுக்கும் அந்தப் பக்கத்தில் அதுதான் வேலி. கம்பிவேலி போட வழியில்லாதவர்களுக்குக் கைவசம் இருப்பது சேலைதானே. நாமும் கட்டுவோம் என்று இறங்கினார்கள் இருவரும்.

இவர்களுக்குச் சேலைக்கா பஞ்சம்? டவுனில் துணி கொடுத்த வீட்டம்மாக்கள் பழசு பட்டையெல்லாம் நாகஜோதி தலையில்தான் கட்டுவார்கள். ஒரு மூட்டை இருந்தது. மூட்டையை அவிழ்த்ததும் அவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, இதை அப்படியே கட்டவா? ஒரே புழுக்க வாடை. ரோட்டுல போற வர்றவுக பாத்தா என்ன சொல்லுவாக? நாம சலவை பாத்தவுக வேற."

"பன்னிக்குக் கட்டுற துணிதானே புள்ள."

"பன்னிக்குத்தான் கட்டுறோம். பாக்குறது மனுசரு."

சொன்னவள் செய்தும் முடித்தாள். மூட்டைச் சேலைகளைச் சோப்புப் போட்டு அலசினாள். பருத்திக்கெல்லாம் சோறு வடித்த கஞ்சியில் முக்கிப் பிழிந்தாள். வீரணன்கூட உற்சாகமாகிவிட்டான். பெட்டியில் கரி போட்டு, வண்டி மேல் விரித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தான். உலகத்தில் வேலியை இஸ்திரி போட்டுக் கட்டிய வெள்ளாமைச் சம்சாரிகள் இவர்களாகத்தான் இருக்கும். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. பின்னால் நடந்ததைக் கேட்டால் வராது.

இஸ்திரிப் பெட்டிக்கு ஒரே குஷி. "பாத்தியா சுங்குடி, கடைசியில எங்கிட்டத்தானே வந்தாக" என்றது. சுங்குடி நாகஜோதியின் இடுப்பில் இருந்தது. வேலை செய்யக் கட்டுகிற ஒரே சேலை என்பதால் அதை மட்டும் வேலிக்குக் கொடுக்கவில்லை.

வேலி எழுந்து நின்றது. மலையோரத்துத் தலைமாட்டில், எல்லோருக்கும் முன்னால், ஒரு பச்சைப் பருத்திச் சேலை. டவுனில் ஒரு போலீஸ்காரர் வீட்டம்மா கொடுத்தது. கஞ்சி ஏறி அட்டை மாதிரி விறைத்து நின்றது. அதற்கு வாய் கொஞ்சம் நீளம்.

"யாரும் ஆடக் கூடாது, அசையக் கூடாது. நாம நிக்கிற நிலையைப் பாத்தே அதுக ஓடிப்போகணும். நான் இருந்த வீட்டு வாசலை நாயிகூட மிதிக்காது, தெரியுமா?" என்றது.

மற்றச் சேலைகள் விறைப்பாக நின்றன. மடிப்புக் கலையாமல், கூர் மழுங்காமல், அவ்வளவு அழகான வேலி அந்த அடிவாரத்தில் இல்லை. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாகஜோதிக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதி. சுங்குடிக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. ஏன் என்று அதற்கே தெரியவில்லை. துவைத்துக் கொடியில் கிடந்தபோது மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வேலி இருந்தது. உள்ளேதான் கடலை இல்லை. எல்லாம் போகவில்லை, ஆனால் முன்பு போனதைவிட அதிகம் போயிருந்தது. போலீஸ் வீட்டுச் சேலைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு மஞ்சள் சேலை கிழிந்து மண்ணில் மிதிபட்டுக் கிடந்தது.

நாகஜோதி அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க அழுதாள். சுங்குடிக்கு மூச்சு முட்டியது.

அவள் வேலிக்குப் பக்கத்தில் குனிந்த நேரத்தில் சுங்குடி முந்தானையைக் காற்றில் நீட்டி, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டது.

போலீஸ் வீட்டுச் சேலை மெதுவாகச் சொன்னது. "பொழுது அடையிற நேரம் வந்துச்சு. காது கிழிஞ்ச ஒரு தாய்ப்பன்னி, பின்னாடியே குட்டிக. நான் நிமிந்துதான் நின்னேன். கிட்ட வந்து என்னைய மோந்து பாத்துச்சு. பாத்துட்டு, குட்டிககிட்டத் திரும்பி, 'சோறு வடிச்ச வாசம் வருது, வாங்க'ன்னு கூப்பிட்டுச்சு."

"அப்புறம்?"

"மஞ்சளை நக்கிப் பாத்துச்சு. நக்கி நக்கியே கிழிச்சுருச்சு. அப்புறம் உள்ள போயிருச்சு."

அன்று பகலில் வீரணன் கிழிந்த இடத்தில் குச்சியை மறுபடி நட்டான். பிறகு புங்கமரத்தடிக்குப் போய் வண்டியின் சக்கரத்தை ஒரு உருட்டு உருட்டிப் பார்த்தான். நாகஜோதி அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோலக் குனிந்து, மிச்சமிருந்த செடிகளுக்கு மண் அணைத்தாள். அண்ணன் வீட்டு வாசலில் தான் போய் நிற்கிற காட்சி அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'நான்தான் சொன்னேனே' என்று அவர் சொல்லக்கூட மாட்டார், சிரிப்பார், அவ்வளவுதான். வேர்வை சேலையெல்லாம் நனைத்து முதுகோடு ஒட்டியது. வெயில் வேர்வை வேறு, பயத்தின் வேர்வை வேறு. இரண்டையும் தினமும் குடிக்கிற சுங்குடிக்கு வித்தியாசம் தெரியும். அன்றைய வேர்வை குளிர்ந்திருந்தது.

"இன்னைக்கு நல்லா சக்கரத்தை உருட்டினான். எண்ணெய் விடணும்னு நெனைக்கிறான் போல" என்றது இஸ்திரிப் பெட்டி.

பொழுது இறங்கும் நேரம்தான் நாகஜோதி வேலியில் மஞ்சள் சேலை இருந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். மூட்டையில் வேறு சேலை மிச்சமில்லை. துணிப்பெட்டியில் இருந்தது கல்யாணப் பட்டு ஒன்றுதான். அதில் கைவைக்க மனம் வரவில்லை. நைட்டியை மாட்டிக்கொண்டு சுங்குடியை அவிழ்த்தாள். துவைத்துக் கட்டலாம் என்று தொட்டிக்கு ஓடினாள். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டாள். கரண்ட் இல்லை. மலைமேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு நிமிஷம் நின்றாள்.

"வாழ்க்கையில அழுக்குத் துணியை வெளியில கட்டினதில்லடி. இன்னைக்கு உன்னைய இப்படியே கட்டுறேன். கோவிச்சுக்காத" என்று சொல்லி, காலியிடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, தகரடப்பாவும் கம்புமாகக் காவல் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

சுங்குடி நடுங்கத் தொடங்கியது. காற்றே இல்லை. ஆனாலும் நடுங்கியது.

"ஆடாத. நீ ஆடுறதப் பாத்தா நாம பயப்படுறோம்னு தெரிஞ்சுரும்" என்றது போலீஸ் வீட்டுச் சேலை.

"பயமாத்தானே இருக்கு."

"அதை வெளிய காட்டணுமா? நிமிரு. மடிப்பைச் சரிபண்ணு."

"எனக்கு மடிப்பே கிடையாது."

"அப்ப எங்க எல்லாரையும் காட்டிக்கொடுக்கப் போற" என்று சலித்துக்கொண்டது பச்சைச் சேலை. சுங்குடியும் அப்படித்தான் நம்பியது. தன்னால்தான் இன்றைக்கு மிச்சமும் போகப் போகிறது என்று அதற்கு உறுதியாகத் தோன்றியது.

புதர் சரசரத்தது. தாய்ப்பன்றி வெளியே வந்தது. பின்னால் உடம்பெல்லாம் வரி வரியாகக் குட்டிகள். நேற்றைய நினைப்பில் நேராக இந்த இடத்துக்கே நடந்து வந்தது. பச்சைச் சேலையைத் தாண்டியது, அதை முகர்ந்து பார்க்கக்கூட இல்லை. சுங்குடிக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. மூக்கு மேலே எழுந்தது. குட்டிகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன.

"யாரு அங்க?" என்றது பன்றி.

நான் ஒரு வேலி என்று சொல்லலாமா, கையில் அரிவாள் இருக்கிறது என்று சொல்லலாமா என்றெல்லாம் சுங்குடி யோசித்தது. வாயில் வந்ததோ வேறு. "எனக்குப் பயமா இருக்கு" என்றது.

பன்றி ஒரு அடி பின்னால் போனது. "எனக்கும்" என்றது.

சுங்குடி தன் காதையே நம்பவில்லை. "உனக்கா? நேத்து இந்த வழியாத்தானே உள்ள போன?"

"நேத்து இங்க யாரும் இல்ல. சோப்பும் கஞ்சியும்தான் நின்னுச்சு. இன்னைக்கு ஒரு ஆளு நிக்குது. பயந்துபோன ஆளு. வாசம் மூக்கை அறுக்குது."

"பயந்த ஆளப் பாத்து நீ ஏன் பயப்படணும்?"

பன்றி குட்டிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. "எங்கம்மா துப்பாக்கிக்காரன்கிட்டயெல்லாம் தப்பிச்சா. தைரியசாலி நின்னு பாப்பான், பெருமை பேசுவான், அசந்தும் போவான். அவனை ஏமாத்திரலாம். எங்கம்மாவைக் கொன்னது ஒரு பொம்பள. பயத்துல கண்ணை இறுக்க மூடிக்கிட்டு மம்பட்டிய வீசினா. எங்க வீசினான்னு அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இந்தக் காது அப்பக் கிழிஞ்சதுதான். இழக்குறதுக்கு இதுக்கு மேல ஒண்ணுமில்லங்கிற ஆளோட வாசம் அன்னைக்கு அடிச்சுச்சு. இன்னைக்கு உங்கிட்ட அதே வாசம் அடிக்குது."

சுங்குடி நடுங்கிக்கொண்டே இருந்தது. பன்றியின் கிழிந்த காதும் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு பன்றி குட்டிகளை மூக்கால் தள்ளிக்கொண்டு திரும்பி, வேலியோரமாகவே நடந்து போனது.

போனது ஓடிவிடவில்லை. அந்த வாசம் எட்டாத கடைசி மூலை வரைக்கும் போய், அங்கே விறைப்பாக நின்ற இரண்டு சேலைகளுக்கு அடியில் நுழைந்தது. நாகஜோதி டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் சில வரிசைகள் போய்விட்டன.

விடிந்ததும் அவள் மண்ணைப் பார்த்தாள். குளம்புத் தடம் காட்டிலிருந்து நேராகச் சுங்குடியிடம் வந்திருந்தது. அங்கே மண்ணில் ஆழமாகப் பதிந்திருந்தது, ரொம்ப நேரம் நின்றதுபோல. பிறகு வேலியோரமாகத் திரும்பியிருந்தது.

"காத்துல சேலை ஆடிருக்கும், பயந்திருக்கும்" என்றான் வீரணன்.

"நேத்து ஏதுங்க காத்து?"

அவள் சுங்குடியின் முந்தானையை எடுத்து முகர்ந்தாள், அவளுடைய வேர்வை வாடைதான். ஆயிரம் வீட்டு அழுக்கைப் பிரித்த மூக்கு அது. பிறகு பச்சைச் சேலையை முகர்ந்தாள். முகர்ந்தவள் அப்படியே தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இதை மோந்து பாத்தா எனக்கே பசிக்குதுங்க. கஞ்சியை முக்கி, தேச்சு, பன்னிக்கு இலை போட்டு வச்சிருக்கோம். வேலியா கட்டினோம், விருந்துல்ல வச்சிருக்கோம்."

வீரணன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. இரண்டு பேரும் மிச்சமிருந்த கடலையைப் பார்த்தார்கள். பாதிக்கும் கொஞ்சம் கூட இருக்கும். அது போய்விட்டால் எல்லாம் போய்விடும்.

அன்றிலிருந்து நாகஜோதி வேலியை உடுத்த ஆரம்பித்தாள். காலையில் ஒரு சேலையை அவிழ்த்து, கஞ்சி போக அலசி, ஈரத்தோடு கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவாள். களை பிடுங்குவாள், தண்ணீர் கட்டுவாள், மலையைப் பார்ப்பாள், முந்தானையை முறுக்குவாள். சாயங்காலம் அந்த வேர்வையோடு அதை வேலியில் கட்டிவிட்டு, மறுநாள் அடுத்ததை எடுப்பாள். ஜிகினாக் கரை வைத்த சேலையில் அவள் குனிந்து களையெடுத்ததைப் பார்த்து, ரோட்டில் போன ஒருத்தி, "என்ன நாகஜோதி, கடலைக்குக் கல்யாணமா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, நீங்கதான் மொய் எழுதணும்" என்றாள் இவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் கண் மலைப்பக்கம் போய் வந்தது.

போலீஸ் வீட்டுச் சேலையின் முறையும் வந்தது. போகும்போது முறைத்துக்கொண்டு போனது. சாயங்காலம் வந்தபோது கசங்கி, கரையெல்லாம் மண்ணாகி, அடையாளமே தெரியவில்லை. கட்டிவிட்டுப் போனதும் அது லேசாக ஆடியது.

"ஆடுறியே" என்றது சுங்குடி. குத்திக்காட்டவில்லை, விசாரித்தது.

"அவ தினமும் இவ்வளவுக்குப் பயப்படுறாளா?" என்று கேட்டது பச்சைச் சேலை. "மேகத்தைப் பாத்தா பயம். மேகம் இல்லைன்னா பயம். மகளுக்கு இந்த ஊருப் பள்ளிக்கூடம் பிடிக்காமப் போயிருமோன்னு ஒரு பயம். அந்த மோட்டாரு ஒரு தடவை இருமுச்சு, அவளுக்கு நெஞ்சு நின்னு போச்சு. நான் போலீஸ் வீட்டுலயே இதைப் பாத்ததில்ல. நீ எப்படித்தான் தாங்குற?"

"தாங்கல. கூட இருக்கேன்" என்றது சுங்குடி.

மடிப்பு கலையக் கலைய வேலி வேலியாயிற்று. ஒவ்வொரு பக்கமாக அதற்கு மனித வாடை ஏறியது. பொழுது அடையும் நேரம் பன்றி வரும், சுற்றி நடக்கும், ஒவ்வொரு சேலையாக மூக்கைத் தூக்கிப் பார்க்கும், எல்லாம் நடுங்குவதைக் கண்டு திரும்பிப் போகும். பார்வைக்கு அந்த அடிவாரத்திலேயே அலங்கோலமான வேலி அதுதான்.

மிச்சக் கடலையைப் பிடுங்கினார்கள். கொத்துக் கொத்தாகக் காய். உள்ளே பருப்பில்லாத பொக்கும் இருந்தது, ஆனாலும் களம் நிறைந்தது. அண்ணன் வந்து ஒரு காயை உடைத்து வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் உடைத்தார். "தேறிட்ட" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நாகஜோதி அவர் போகிற வரைக்கும் நின்றுவிட்டு, அப்படியே காய்க்குவியல் மேல் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை வாயில் முந்தானை இல்லை. காயப்போட்ட கடலையை மூடிய தார்ப்பாய் காற்றில் தூக்காமலிருக்க வீரணன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தான். கனம் எதற்காவது உதவ வேண்டும் அல்லவா? பெட்டி மட்டும், "இருக்கட்டும், அடுத்த வருசம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று முணுமுணுத்தது.

கதை இத்தோடு முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். அடுத்த போகம் விதைத்தார்கள். மழை சொன்ன நேரத்துக்குப் பெய்தது. சேலை உடுத்துகிற முறை மாறவில்லை, சுங்குடியின் முறை வந்தபோது அதையும் எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஆனால் அன்று முழுவதும் சுங்குடி எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தது. அவள் வானத்தைப் பார்க்கவில்லை. மலையைப் பார்க்கவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே களை பிடுங்கினாள். மோட்டார் இருமியது, "கெடக்கு" என்றாள். சாயங்காலம் வரை அந்த விரல்கள் ஒரு தடவைகூட முந்தானையை முறுக்கவில்லை. வெயில் வேர்வை மட்டும் வந்தது. வேலியில் கட்டும்போது, "இந்தத் தடவை நமக்கென்னடி பயம்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, டப்பாவும் கம்பும் எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கம்பக்கத்துச் சேலைகள் எல்லாம் காற்றில் சொகுசாக ஆடிக்கொண்டிருந்தன. அது நடுக்கம் அல்ல என்பது சுங்குடிக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது.

புதர் சரசரத்தது. கிழிந்த காது தெரிந்தது. குட்டிகள் இப்போது வளர்ந்து, வரிகள் மறைந்து, தாயின் தோள் உயரத்துக்கு நின்றன. பன்றி ஒவ்வொரு சேலையாக முகர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றிடமும் கொஞ்சம் யோசித்தது. கடைசியாகச் சுங்குடியிடம் வந்து நின்று, மூக்கைத் தூக்கியது.

"பயம் இன்னும் இருக்கா?" என்று கேட்டது.

சுங்குடிக்கு நூல் நூலாக உதறியது. அவளிடம் இல்லாத பயமெல்லாம் சேர்ந்து இப்போது இதனிடம் இருந்தது.

"இருக்கு" என்றது.

பன்றி அந்த நடுக்கத்தை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. பிறகு குட்டிகளைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குள் நடந்தது. நடந்துகொண்டே சொன்னது:

"சரி. நாளைக்கும் வந்து கேக்குறேன்."